மூத்திரப் பரிசோதனைக்கு அம்மா வரவில்லை

கள்ளக்குறிச்சியில் அந்தத் தனியார் மருத்துவமனைக்குப் போனபோது அப்பா இருந்தார், தாய்மாமன் இருந்தார், நான் இருந்தேன். அம்மா இல்லை. ஆம்பளை மூத்திர விஷயம் பேசப் போகும் இடத்தில் பொம்பளைக்கு என்ன வேலை என்று மாமா கேட்டார். எங்கள் மலையில் அது மச்சான் காதோடு நின்றுவிட வேண்டிய பேச்சு. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். எனக்கும் அது சரியென்றே பட்டது.

அப்பாவுக்குப் போய்விட்டு வந்து உட்கார்வதற்குள் மறுபடி முட்டும். போனால் சொட்டுதான். மலையிலிருந்து இறங்கும் பேருந்து வளைவை நெருங்கினாலே எழுந்துவிடுவார். நிறுத்தவும் சொல்லமாட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வியர்வையாக நிற்பார். ஒருநாள் நடத்துநர், "பெரியவரே, ஒரு கேனு கட்டிக்கினு வரவேண்டியதுதான" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு அப்பா மலையை விட்டு இறங்குவதே நின்றுபோனது.

தையில் தங்கைக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் கீழே வடக்கனந்தலில் குடியேறியவர்கள், மண்டபமும் அங்கேதான். அப்பா மணவறையில் உட்கார்ந்து தாரை வார்க்க வேண்டும். "நீயே உக்காந்துடு மச்சான்" என்று மாமாவிடம் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட அன்று தங்கை சாப்பிடவில்லை.

அதனால்தான் கெஞ்சிக் கூத்தாடி அவரைக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போனோம். மாமா சுகர் என்று அடித்துச் சொன்னார். சுகர் இல்லை. கிருமி இல்லை. ஸ்கேனில் புராஸ்டேட்டும் ஒழுங்காகவே இருந்தது. ஒரு பை நிறைய மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மாத்திரை கேட்கவில்லை என்றதும் அப்பா தானாக ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்: தண்ணீர் குடிப்பதை விட்டார். உதடு வெடித்தது. எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

அடுத்த முறை மாமாவுக்கு மரவள்ளி பிடுங்கும் வேலை. வேறு ஆள் இல்லாமல் அம்மா வந்தார். இந்த முறை அரசு மருத்துவமனை. மருத்துவர் எங்கள் காகிதங்களைப் புரட்டிவிட்டு, தூக்கம் எப்படி என்று கேட்டார். நன்றாக வருகிறது என்றார் அப்பா.

கதவோரம் நின்ற அம்மா பேசினார். "இல்லீங்க. ஜீப்பு கவுந்ததுலேர்ந்து இவரு தூங்கறதே இல்ல. சும்மா உக்காந்துக்கினே இருக்காரு."

ஜீப் கதை எனக்கும் தெரியும். ஆவணியில், வளைவில் நின்ற ஜீப் பின்னால் உருண்டு பள்ளத்தில் விழுந்தது. ஓட்டுநர் குதித்துவிட்டார். உள்ளே இருந்த அப்பாவின் கூட்டாளி இறந்துபோனார். அப்பா கீழே இறங்கியிருந்ததால் பிழைத்தார், சாமி காப்பாற்றியது என்று ஊரே சொன்னது. ஏன் இறங்கினார் என்று யாரும் கேட்கவில்லை.

"ஒண்ணுக்கு வருதுன்னு வண்டிய நிறுத்தச் சொன்னது இவருதாங்க" என்றார் அம்மா.

அப்பா சட்டென்று எழுந்தார். மருத்துவர் தடுக்கவில்லை. போய்விட்டு வாருங்கள், காத்திருக்கிறேன் என்றார். அப்பா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போகாமலே உட்கார்ந்தார்.

பயமும் துக்கமும் மூத்திரப்பையையும் பிடிக்கும், இது நடிப்பில்லை, வியாதிதான் என்று மருத்துவர் விளக்கினார். மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதினார். செய்தி கேட்டதும் மாமா போனில் கொதித்தார். "பைத்தியத்துக்கா காட்றீங்க? மாப்ள வூட்ல இன்னா சொல்லுவாங்க?"

அம்மா போனை என் கையிலிருந்து வாங்கினார். "சொல்லிட்டுப் போவட்டும். மணவறையில அவரு உக்காரணும்."

கல்யாணத்தை வைகாசிக்குத் தள்ளினோம். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள், ஆனால் சம்பந்தத்தை விடவில்லை. அப்பா மாத்திரை எடுத்தார். அம்மாவோடு மனநலப் பிரிவுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று நான் கேட்டதில்லை. மெல்ல மெல்லத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார்.

முகூர்த்தத்தன்று வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். தாலி கட்டுவதற்குச் சற்று முன்பு மணவறையிலிருந்து எழுந்து போனார். மாமா அந்த இடத்தைப் பார்த்தார், ஆனால் உட்காரவில்லை. தங்கை தலை நிமிராமல் இருந்தாள். அப்பா ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி திரும்பி வந்தார். உட்கார்ந்து தாரை வார்த்தார்.

அரசு மருத்துவமனையில் மருந்துக்குக் காசில்லை. அடிவாரத்திலிருந்து போகும் டவுன் பஸ்ஸில் அம்மாவுக்கு டிக்கெட்டும் இல்லை. அம்மா இல்லாமல் போன அந்த முதல் முறைக்கு, ஸ்கேன், சோதனை, மாத்திரை எல்லாம் சேர்த்து இரண்டு ஆடு விற்ற பணம் பதினோராயிரத்து நானூறு. தை மாத மண்டபத்துக்குக் கட்டி, திரும்பி வராத முன்பணம் ஐயாயிரம். ஆக மொத்தம் பதினாறாயிரத்து நானூறு ரூபாய்.