அலுமாரிக்குள்ளிருந்து பெருநாள் செய்தி

அலுமாரிக் கதவு இரண்டையும் விரியத் திறந்து, தொங்குகிற ஹபாயாக்களை இரு பக்கமும் ஒதுக்கி, நடுவில் தலையை நுழைத்துக்கொண்டுதான் முனவ்வறா சலாம் சொல்லத் தொடங்குகிறார். பின்னேரம் அசர் தொழுது முடித்த கையோடு நாள் தவறாமல் இது நடக்கும். வலப்பக்க வீட்டில் மின்தறி அடிக்கிற சத்தம், இடப்பக்க வீட்டில் சேவல், பின்னால் மருதமுனைக் கடல். துணிக்குள் நின்று கதைத்தால் இவை ஒன்றும் போனுக்குள் புகாது என்பது அவர் தானே கண்டுபிடித்த வித்தை. வாசலில் நின்று பார்ப்பவருக்கு, ஐம்பது வயதுப் பெண்ணொருவர் இடுப்புக்கு மேலே அலுமாரிக்குள் காணாமல் போய், உள்ளே யாரையோ அதட்டிக்கொண்டிருப்பது போலத் தெரியும்.

"அஸ்ஸலாமு அலைக்கும் புள்ளையள். எல்லாரும் சொகமா இரிக்கீங்களா? இண்டைக்கு ஆறு செய்தி இரிக்கி. கையில உள்ள வேலய வெச்சிட்டுக் கேளுங்க. நான் ரெண்டாந்தரம் சொல்லமாட்டன்."

இரண்டாந்தரமும் சொல்லுவார். மூன்றாந்தரம், தனியே போன் எடுத்துக் கேட்பவருக்கும் சொல்லுவார்.

முனவ்வறாவின் தொழில் தையல். ஹபாயாவும் சட்டையும் தைக்கிறார். செய்தி, தொழிலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கொரோனா ஊரடங்கில் எந்தத் தெருவில் மரக்கறி லொறி நிற்கிறது என்று அயல்வீட்டுப் பெண்கள் பத்துப் பேருக்கு வாட்ஸப்பில் சொல்லத் தொடங்கியவர். நோய் போனது, குறூப் போகவில்லை. இன்று மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரையும், உள்ளே வயல்பக்கம் சவளக்கடை வரையும் எண்ணூறு பெண்கள் அதில் இருக்கிறார்கள். ஆண்களுக்கு இடமில்லை. பெண்குரல் ஊர் சுற்றலாமா என்று தொடக்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தபோது அவரே போட்ட சட்டம் அது. சட்டம் போட்டதில் முதலில் அகப்பட்டவர் கணவர் முபாறக்.

"என்ட பொண்டாட்டிட செய்தியக் கேக்கிறதுக்கு நான் பக்கத்து ஊட்டு வாசல்ல நிக்கவேண்டிக் கெடக்கு" என்று அவர் தேநீர்க் கடையில் சொல்லிச் சிரிப்பார்.

பெருநாள் காலம்தான் முனவ்வறாவுக்கு அறுவடைக் காலம். எந்தப் பள்ளியில் எத்தனை மணிக்குத் தொழுகை, கடற்கரைத் திடலுக்குப் பெண்கள் எந்த வழியால் போவது, வட்டிலப்பத்துக்கு முட்டை எங்கே உடையாமல் கிடைக்கும், எல்லாம் அவர் வாயில் வரும். "கடற்கரையில ராட்டினம் போட்டிரிக்காங்க. பாத்துட்டு வந்தன். அது சுத்தக்குள்ள எனக்கே தல சுத்திச்சு. சின்னப் புள்ளைகள மடியில வெச்சிக்கிட்டு ஏறாதீங்க" என்பார். மற்றவர்களின் திருநாளையும் விடமாட்டார். பாண்டிருப்பில் தீ மிதிப்பு என்றால் பெருந்தெரு எப்போது மறிபடும் என்பதும், திருக்கோவில் ஆடி அமாவாசைக்கு எங்கே பஸ் ஏறலாம் என்பதும் செய்தியில் இருக்கும். ஆலையடிவேம்பு டீச்சர் ஒருவர் இதற்காகவே குறூப்பில் சேர்ந்தார். "எங்கட கோயில் நேரத்த எங்கட ஆக்களுக்கு முந்தி இவதான் சொல்லுறா" என்று அவர் ஒருமுறை எழுதியதை முனவ்வறா இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறார். பிறை விஷயத்தில் மட்டும் வாய் திறக்கமாட்டார். "பிற பாக்கிறது பெரியவங்கட வேல. அவங்க சொல்லட்டும், நான் பொறகு சொல்றன்."

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊருக்கே வாயாக இருக்கிற இந்த மனுஷி, ஒரேயொரு செய்தியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டியிருக்கிறார். அதை நினைக்கிற நாளில் தையல் கோணும். பிரித்துத் திரும்பவும் தைப்பார்.

அந்தச் செய்தி விளங்குவதற்கு, இந்தக் கரையோர ஊர்களின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். கோபித்துக்கொண்ட குடும்பங்கள் பத்து வருடம் கதைபேச்சு இல்லாமல் இருந்தாலும் மௌத்தை, வீட்டில் விழுந்த சாவை, அறிவிக்காமல் விடுவதில்லை. ஆனால் நேரே போன் எடுப்பதுமில்லை. எடுத்தால் இறங்கிப் போனதாகிவிடும். பொதுவில் அறிவித்துவிடுவார்கள். அது எதிராளி காதிலும் விழும். விழுந்தால் அவர் வந்து முகம் பார்த்துவிட்டுப் போவார், எவரும் ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டார்கள். அத்தோடு முறிந்த உறவுகள் ஒட்டியதும் உண்டு. முன்பு பள்ளி ஒலிபெருக்கி செய்த வேலை அது. ஊர் விட்டு ஊர் போய்க் குடியிருக்கிற பெண்களுக்கு இப்போது முனவ்வறாவின் குரல் அந்த வேலையைச் செய்கிறது.

அதனால் அவருடைய செய்தியில் மௌத்துக்கு முதலிடம். சந்தோஷம் காத்திருக்கும், மௌத்துக் காத்திருக்காது என்பார். அடக்கம் நடக்கிற மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. வீட்டில் வைத்து முகம் பார்த்தால்தான் உண்டு. ஜனாஸாவைத் தூக்கி, உடல் வாசலைத் தாண்டிவிட்டால் அவ்வளவுதான்.

போன ஹஜ்ஜுப் பெருநாளன்று காலை எட்டரைக்கு அவருக்கு ஒரு தகவல் வந்தது. சாய்ந்தமருதில் அப்துல் ஹமீட் விடிகாலை சுபஹ் நேரத்தில் மௌத்தாகிவிட்டார். கொழும்பிலிருந்து மகன் வரவேண்டும், அசருக்குப் பிறகு நல்லடக்கம். அனுப்பியவர் அவருடைய மனைவி றம்ஸியா. கடைசி வரியில், "சவளக்கடைக்கும் கேக்கட்டும்" என்று இருந்தது.

சவளக்கடையில் இருப்பவர் ஹமீடின் ஒரே தங்கை சுபைறா. தன் மகளை ஹமீடின் மகனுக்கென்று பேசி வைத்திருந்து, பிறகு வேறிடத்தில் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து பதினான்கு வருடம் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்தில்லை. இதெல்லாம் முனவ்வறாவுக்குத் தெரியும். அந்த ஒரு வரி யாருக்கு, எதற்கு என்பதும் தெரியும்.

தெரிந்தும் அவர் அந்தத் தகவலை அப்போது சொல்லவில்லை. பெருநாள் காலை. பெண்கள் திடலால் வந்து, புதுச்சட்டை கசங்காமல் பிள்ளைகளை உட்காரவைத்து, இப்போதுதான் வாயில் ஏதும் வைத்திருப்பார்கள். அசருக்குத்தானே, இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறது, சவளக்கடையிலிருந்து ஓட்டோவில் வர எத்தனை நேரம் ஆகப்போகிறது, அவசரமில்லாமல் ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று நினைத்தார். நல்லெண்ணம்தான். போனைக் கட்டில் தலைமாட்டில் சார்ஜில் போட்டுவிட்டுக் குர்பான் இறைச்சியைப் பங்கு வைக்கப் பின்வளவுக்குப் போனார். கை முழுக்கக் கொழுப்பு. மகன் நினைத்ததை விட நேரத்தோடு வந்து சேர்ந்துவிடுவார் என்பதால் நடுப்பகல் லுஹரோடு எடுக்கிறார்கள் என்று பத்தே முக்காலுக்கு வந்த இரண்டாவது தகவலை அவர் பார்க்கவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து பார்த்தபோது லுஹர் பாங்கு சொல்லி நேரம் போயிருந்தது. அலுமாரியையும் திறக்கவில்லை, நின்ற இடத்தில் நின்றே குரல் கொடுத்தார். "சாய்ந்தமருது ஹமீட் காக்கா மௌத்து. லுஹரோட எடுக்காங்களாம். போறவங்க கெதியாப் போங்க, கெதியா." பள்ளிக்குக் கொண்டுபோக ஜனாஸாவைப் பன்னிரண்டேகாலுக்கே வீட்டால் எடுத்துவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் சவளக்கடைக்குப் போனார். சுபைறா கதவைத் திறந்து உள்ளே கூட்டி, கேட்காமலே தேத்தண்ணி ஊற்றி, காலையிலேயே தகவல் வந்தும் பிந்திச் சொன்னதை முனவ்வறா சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்துத்தான் முனவ்வறா போயிருந்தார். ஏசியிருந்தால் எவ்வளவோ நல்லது.

"நீங்க நல்லதுக்குத்தானே செஞ்ச" என்றார் சுபைறா. "கேட்ட கையோட, உடுத்த உடுப்போடதான் ஓட்டோவுல ஏறின நான். கிட்டங்கிப் பாலத்தடியில வரக்குள்ள போன்ல சொன்னாங்க, எடுத்து அடக்கியும் முடிஞ்செண்டு. காக்காட முகம் இல்லாத ஊட்டுக்கு என்னத்தக் கொண்டு போற? ஓட்டோவத் திருப்பச் சொல்லிட்டன்."

"நான் போய் றம்ஸியா ராத்தாட்டச் சொல்றன். என்ட பிழையெண்டு சொல்றன்."

"வேணாம். நான் படிப்பிச்சு உட்டதெண்டுதான் நினைப்பாங்க. உட்டுருங்க."

விட்டுவிட்டார். அதுதான் அவருடைய இரண்டாவது பிழை, முதலாவதை விடப் பெரியது. சுபைறா சொல்லவேண்டாம் என்றது ஒரு நல்ல சாட்டாகக் கிடைத்தது. அந்தச் சாட்டுக்குள் முனவ்வறா தலையை நுழைத்துக்கொண்டார். றம்ஸியா கணவனை இழந்தவர் வீட்டோடு இருக்கிற இத்தாவில் இருக்கிறார், இப்போது வேண்டாம் என்று நாலு மாதம். இத்தா முடிந்த பிறகு மாரி மழை, வழி வெள்ளம். பிறகு நோன்பு, தையல் வேலை. நேர்மையான மனுஷிதான், ஆனால் எண்ணூறு பேர் நம்புகிற குரல் என்கிற பெருமை சும்மா விட்டுவிடாது. ஹமீடின் வீட்டிலோ, செய்தி கேட்டும் வராத தங்கை என்று ஒரு கதை ஊறி உறைந்து, பேரப்பிள்ளைகள் வரைக்கும் இறங்கிவிட்டது.

மாற்றம் என்று பார்த்தால் பழக்கத்தில்தான் தெரிந்தது. இப்போது மௌத்துச் செய்தி வந்தால் அசர் வரைக்கும் பொறுப்பதில்லை. வாயில் குண்டூசி இருந்தால் துப்பிவிட்டு, மெஷினை அந்தரத்தில் நிறுத்திவிட்டுச் சொல்கிறார். போனைக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்கும் போகிறார். "மாட்டுக்கு மணி கட்டின மாதிரி" என்று முபாறக் கேலி செய்தால் முன்பு பதிலுக்கு ஏதாவது சொல்லுவார். இப்போது கயிற்றின் முடிச்சை இறுக்கிக்கொள்கிறார். பெருநாள் செய்தியில் ராட்டினமும் வட்டிலப்பமும் இன்னும் வருகின்றன. ஆனால் "ஆறுதலாச் சாப்பிடுங்க புள்ளையள்" என்று முன்பெல்லாம் முடிக்கிற வரி மட்டும் வருவதில்லை. கேட்பவர்கள் எவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இந்த வருடம், பெருநாளுக்கு முதல்நாள் அரஃபாவன்று, பேத்தியின் ஹபாயாவை வாங்கிப் போக றம்ஸியா வந்தார். பத்துப் பேர் வந்துபோன அவசரத்தில் அறை முழுக்க வெட்டுத்துணி கிடந்தது. றம்ஸியா அதை ஒதுக்கிவிட்டுக் கதிரையில் இருந்தார்.

"முனவ்வறா, பெருநாளைக்கு மத்த நாள் அவருக்கு ஆண்டுக் கத்தம் ஓதுறம். சோறும் குடுக்கிறம். உன்ட செய்தியில போட்டுருகா."

"போடுறன் ராத்தா."

"இன்னொண்டு. சவளக்கடைக்காரிய அந்தக் குறூப்பால எடுத்துட்டுப் போடு."

முனவ்வறா கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"ஏன் ராத்தா?"

"ஏனா? மௌத்துச் செய்தியக் காதால கேட்டும் கூடப்பொறந்தவன்ட முகத்தப் பாக்க வராதவ. அவக்கு எங்கட ஊட்டுச் சோத்துச் செய்தி என்னத்துக்கு?" றம்ஸியாவின் குரல் இறங்கியது. "உனக்குத் தெரியாகா. கடைசிக் கிழமயெல்லாம் அவர் அவவத்தான் கேட்டாரு. 'பெருநாளைக்குச் சுபைறா வருவா, நீங்க ஒண்டும் கதைக்காதீங்க, வந்தா சோறு போடுங்க' எண்டு எங்களுக்குச் சொல்லி வெச்சாரு. நான் அந்த வரியப் போட்டதே அவருக்காகத்தான். பன்னிரண்டேகாலுக்கு ஜனாஸாவத் தூக்கக்குள்ளயும் வாசலப் பாத்துக்கிட்டுத்தான் நிண்டன். அல்லாஹ்வுக்காக அவவ எடுத்துரு. எனக்கு அந்தப் பேரக் காண ஏலா."

முனவ்வறா நெஞ்சுக்கு நேரே தொங்கிய போனைக் கையில் எடுத்தார். ஒரு வருடத்துக்கு முந்திய அந்தக் குரற்பதிவைத் தேட வேண்டியிருக்கவில்லை. நட்சத்திரம் போட்டுத் தனியாக வைத்திருந்தார், எத்தனையோ தரம் கேட்டிருக்கிறார். திறந்து, கயிற்றைக் கழுத்தால் கழற்றி, றம்ஸியாவிடம் நீட்டினார்.

கண்ணாடி கொண்டுவராத றம்ஸியா போனைத் தள்ளிப் பிடித்து, பதிவுக்கு மேலே இருந்த தேதியைப் பார்த்தார். "இது அவர்ட மௌத்துச் செய்தி இல்லியா? இத ஏன்கா எனக்கிட்டக் காட்டுற?"

முனவ்வறா அதை ஒலிக்கவிடவில்லை. கிட்ட வந்து குந்தி, பதிவின் மூலையில் பொடியாகக் கிடந்த நேரத்துக்குக் கீழே ஆட்காட்டி விரலை வைத்தார். பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. றம்ஸியா வாயசைத்து அதை வாசித்தார். மறுபடியும் வாசித்தார். மெல்லத் தலையை நிமிர்த்தி முனவ்வறாவின் முகத்தைப் பார்த்தார். முனவ்வறா விரலை எடுக்கவில்லை.