வெள்ளை வளையம் போட்ட மரங்கள்

காலை ஆறு மணி. லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்று பார்த்தபோது ஓடைக்கு அந்தப் பக்கம் மஞ்சள் புகை எழுந்துகொண்டிருந்தது. அங்கே அது எழக் கூடாது.

எங்கள் தோட்டம் பொல்பிட்டியவுக்கு மேலே இருந்தது. உச்சியில் தேயிலை, கீழ்ச் சரிவில் இறப்பர். மாசியில் இறப்பர் மரங்கள் பழைய இலையைக் கொட்டிவிட்டுச் செம்பு நிறத்தில் துளிர்க்கும். அந்தத் துளிரில் வெள்ளைப் பூஞ்சணம் படிந்தால் அதுவும் கொட்டிவிடும், பால் குறைந்துபோகும். மலையில் உயரம் ஏற ஏற இந்த நோய் கடுமையாக இருந்தது. அடங்காவிட்டால் இறப்பரைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நடப்போவதாகத் தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார்.

பெரியம்மா பால் வெட்டுகிறவர். பெரியப்பா இறந்தபின் அம்மா தன் அக்காவை அழைத்துவந்து லயத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பிரா அறையில் குடிவைத்திருந்தார். இறப்பர் போனால் பெரியம்மாவுக்கு இங்கே வேலை இல்லை. தேயிலைப் பக்கம் ஏற்கெனவே ஆள் மிகுதி. கந்தப்பளையில் பெரியப்பா வீட்டாரிடமே திரும்ப வேண்டும். அங்கே அவரைச் சோற்றுக்குப் பாரமாகப் பார்த்தார்கள். எனக்கு அதைவிட முக்கியமானது ஒன்று இருந்தது. நான் தூங்குவது பெரியம்மாவின் காம்பிராவில். புளித்த இறப்பர் பால் மணக்கும் அந்தச் சேலைத் தலைப்பைப் பிடிக்காமல் எனக்குத் தூக்கம் வராது.

அந்த ஆண்டு ஆராய்ச்சி செய்கிற ஐயா ஒருவர் வந்தார். மண்ணைத் தோண்டிச் சிறு பைகளில் கட்டினார். ஓடைக்கு இந்தப் பக்கத்து மரங்களுக்குச் சிவப்பு வளையமும் அந்தப் பக்கத்து மரங்களுக்கு வெள்ளை வளையமும் பூசச் சொன்னார். சிவப்புக்குக் கந்தகத் தூள் அடிக்க வேண்டும், வெள்ளைக்கு அடிக்கக் கூடாது. வெள்ளை விழுந்தவை பெரியம்மா வெட்டும் மரங்கள்.

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூடியிருந்தபோது, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவைப் பெரியம்மா மறித்தார்.

"ஏங்கய்யா, எல்லா மரத்துக்கும் மருந்து, எங்க மரத்துக்கு மட்டும் இல்லீங்களா?"

"நோவு வருதான்னு பாக்கத்தான் விட்டு வச்சிருக்காங்க."

"நோவு வர்றதப் பாக்க ஒரு ஐயாவா? அத நாங்களே பாத்துச் சொல்லிருவோம்ங்களே!"

கூட்டம் சிரித்தது. கண்டாக்கையாவும் சிரித்துவிட்டு நகர்ந்தார்.

தூள் அடிக்கும் இயந்திரத்தை நாலு பேர் பல்லக்குப் போலத் தோளில் சுமந்து, காற்று எழுமுன் மரங்களுக்கிடையே நடப்பார்கள். கந்தக மூட்டையைக் கொடுத்துவிட்டுக் கண்டாக்கையா பெரட்டுக்குப் போய்விடுவார். சுமப்பவர்கள் எங்கள் லயத்துக்காரர்கள். மஞ்சள் புகையைக் கண்ட அன்று நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர்கள் ஓடையைக் கடந்து வெள்ளை வளைய மரங்களுக்குள் நின்றிருந்தார்கள். பெரியம்மா ரொட்டிச் சட்டியோடு முன்னால் நடந்தார், தலைமயிரெல்லாம் மஞ்சள்.

"மதினி, மிஷின் தூக்குன தோளுக்கு ரெண்டு ரொட்டி பத்தாது," என்றார் முன்னால் சுமந்தவர்.

"அடுத்த வாரம் கோழி அடிக்கிறேன். இப்ப நடங்கடா, விடியுது."

என்னைக் கண்டதும் முகத்தில் படிந்த தூளைத் துடைத்துவிட்டார். "யாருகிட்டயும் சொல்லிறாத குட்டி."

சொல்ல ஆளே இல்லை. லயம் முழுவதற்கும் தெரிந்திருந்தது. தனியாக நிற்கும் ஒரு பெண்ணின் மரங்களை மட்டும் நோய்க்கு விடுவது யாருக்கும் நியாயமாகப் படவில்லை. அந்த மாசி முழுவதும் இயந்திரம் ஓடையைக் கடந்தது.

சித்திரையில் அந்த ஐயா மறுபடி வந்தார். இந்தப் பக்கம் அண்ணாந்து பார்த்தார். ஓடையைத் தாண்டிப்போய் அந்தப் பக்கமும் பார்த்தார். இரண்டும் ஒரே பச்சை. இலைகளைப் பறித்துக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னார்.

கண்டாக்கையா எங்களுக்குச் சொன்னார்: "மருந்து அடிச்ச மரமும் ஒண்ணுதான், அடிக்காத மரமும் ஒண்ணுதானாம். இந்த மலையில நோவு தானா அடங்கிருச்சாம். இனிமே இந்தச் செலவு வேணாமுன்னு துரைகிட்ட சொல்லப் போறாரு."

பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். இயந்திரம் சுமந்த நால்வரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

அடுத்த மாசியில் இயந்திரம் வரவில்லை. செம்புத் துளிர் ஓடையின் இரு பக்கமும் கொட்டியது. மெத்தை போல் கிடந்த அதன்மேல் நாங்கள் புரண்டு விளையாடினோம். பெரியம்மா ஏன் அந்தப் பக்கமே வரவில்லை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அதற்கடுத்த ஆண்டு மரங்களை வேரோடு சாய்த்தார்கள். சிவப்பு வளையமும் வெள்ளை வளையமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

பெரியம்மாவைக் கந்தப்பளைக்கு ஏற்றிப்போக லொறி வந்த அன்று, எப்போது திரும்பி வருவீர்கள் என்று அவரைக் கேட்டேன்.

"மரம் துளுக்கட்டும் குட்டி, வர்றேன்."

நான் நம்பினேன். சாய்ந்த மரங்களில் துளிர் வருகிறதா என்று பல நாள் காலையில் ஓடைப் பக்கம் போய்ப் பார்த்தேன். இப்போதும் யாராவது தீக்குச்சி உரசினால், அந்தக் கந்தக மணத்தில் ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறேன்.

பால் வெட்டும் கத்தியைப் பழஞ்சேலையில் சுற்றித் தன் தகரப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனார் பெரியம்மா. கந்தப்பளையில் இறப்பர் மரம் கிடையாது.