பனிக்குள் கேட்ட 'ஓடு'

போன தை மாதம், குடவாசல் பக்கம் எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் நடந்தது இது. ஆறாவது படிக்கும் என் மகளுக்கு வயதுக்கு மீறிய எடை. ஓடியாடி விளையாட விடுங்கள் என்றார் டாக்டர். சிங்கப்பூரில் இருக்கும் என் கணவரும் வீடியோ காலில் தினமும் அதையே நச்சரிப்பார். அதனால் காலையில் ஸ்கூட்டியில் அவளைக் கரைக்கு அழைத்துப் போவேன். மதகு வரை ஓடிவிட்டு வா என்று விரட்டிவிட்டு, நான் வண்டியிலேயே உட்கார்ந்து போனை நோண்டுவேன். எடை குறைய வேண்டியது அவளுக்கு மட்டும்தானா என்று கேட்டுவிடாதீர்கள்.

அன்று வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியாத அளவுக்குப் பனி. முணுமுணுத்துக்கொண்டே ஓடியவள் அதற்குள் மறைந்தாள். வெகுநேரமாகியும் திரும்பவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பதிலுக்கு ஓர் ஆணின் குரல்தான் வந்தது.

"ஏய்... ஓடு... ஓடு..." கடைசியில் ஓர் இருமல்.

வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. செருப்பை உதறிவிட்டு ஓடினேன். யாருங்க அது என்று கத்தினேன். மறுபடி அதே குரல், அதே இடத்தில் அதே இருமல்.

மதகைத் தாண்டி ஒரு வரப்பில் என் மகள் அசையாமல் நின்றிருந்தாள். எதிரே கழியில் மாட்டிய வெள்ளைச் சட்டை. குரல் அதற்குள்ளிருந்து வந்தது. ஓடிப் போய் அவளைக் கட்டிக்கொண்டேன்.

"உன்ன மாதிரியே ஓடு ஓடுங்குறாரும்மா. ஆனா ஆளே இல்ல" என்றாள் மெதுவாக.

சத்தம் கேட்டு, புல் அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் பனியை விலக்கிக்கொண்டு வந்தார். அவருடைய வயல்தானாம். சட்டைக்குள் கட்டியிருந்த, பதிவு செய்த குரலைத் திரும்பத் திரும்பப் போடும் பேட்டரி மைக்கைக் காட்டினார்.

"பன்னி வெரட்டப் போட்டதும்மா. எங்க வீட்டுக்காரங்க கொரலு. நடவு முடிஞ்சதும் பேசி வச்சாங்க. ஐப்பசியில தவறிட்டாங்க. வேற ஆள விட்டுப் பேசிப் போட மனசு வரல."

மைக் மறுபடி இருமியது. அவர் சட்டையின் காலரைச் சரிசெய்துவிட்டுப் புல்லறுக்கப் போனார். நாங்கள் கைகோத்தபடி திரும்பி நடந்தோம்.

மறுநாளிலிருந்து நானும் ஓடுகிறேன். பாதி வழியிலேயே எனக்கு மூச்சு வாங்கும். அவள் சிரித்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துப் போவாள். நான் இல்லாத காலத்தில் என் குரலில் எது அவள் காதில் மிஞ்சும் என்ற பயம் அன்று வந்தது, இன்னும் போகவில்லை. அது 'ஓடு' என்ற அதட்டலாக இல்லாமல், கூடவே ஓடி வந்த அம்மாவின் மூச்சிரைப்பாக இருந்தால் போதும் எனக்கு.