சாய்வை ஒப்புக்கொண்ட முதலாளிக்குக் கைதட்டல்

இந்த ஊரில் எவன் எந்தக் கட்சி என்று கண்டுபிடிக்கவே முடிவதில்லை. கரைவேட்டி கிடையாது, எல்லோருக்கும் ஒரே நீல ஜீன்ஸ். நேரில் கேட்டால், சம்பளத்தைக் கேட்டதுபோல் முகம் சுருங்கிவிடுகிறது. கலிஃபோர்னியாவில் ஓர் இணையச் செய்தி நிறுவனத்தில் புரோகிராமராகச் சேர்ந்த நாள்முதல் இப்படித்தான் விழித்துக்கொண்டிருக்கிறேன்.

மதுரைப் பக்கம் நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் தெருக் கேபிள்காரர் பாண்டியண்ணனிடம் இந்தச் சிக்கல் இல்லை. தேர்தல் வந்தால் எதிர்க்கட்சிச் சேனலில் வெறும் புள்ளிதான் ஓடும். “அண்ணே, படம் தெரியலண்ணே.” “தெரியாது மாப்ள. ஓட்டு எண்ணி முடிக்கிற வரைக்கும் அப்படித்தான். அம்புட்டு அவசரம்னா அடுத்த தெருக்காரன்கிட்ட ஒயரு இழுத்துக்க.” அநியாயம்தான். ஆனால் அதற்கு அவர் கைதட்டல் கேட்டதில்லை.

இங்கே பக்கத்து வீட்டு ஜெர்ரி ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். எங்கள் தளத்துச் செய்திகளுக்கு அவர் எழுதும் கருத்து எதுவும் வெளிவராததால், கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதாக நினைத்து என்னை அழைத்தார். இன்ஜினியர் மிடுக்கோடு போய், பெட்டியைத் திறந்து, தூசி துடைத்து, காபியும் குடித்துவிட்டு வந்தேன். கோளாறு அதில் இல்லை. மறுநாள் பார்த்தால், அவர் எழுதியதெல்லாம் எங்கள் அலுவலகத்தில்தான் முடங்கிக் கிடந்தது. ஒரு கெட்ட வார்த்தை இல்லை. வேறு கட்சி, அவ்வளவே. அவர் சொல்வதில் பாதி எனக்கும் பிடிக்காது. அதற்காக வாயைப் பொத்துவதா?

அந்த வாரமே முதலாளி மேசைமேல் ஏறி நின்றார். “நாம் எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தவர்கள். மனம் திறந்து ஒப்புக்கொள்கிறேன்.” என்ன கைதட்டல்! ஒரு பெண் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். நான் கையைத் தூக்கினேன். “அப்படியென்றால், நிறுத்திவைத்த கருத்துகளை வெளியிடலாமா?” அவர் கனிவாகச் சிரித்தார். “உங்கள் நாட்டுக்கு ஜனநாயகம் புதிது. உங்கள் ஆர்வம் புரிகிறது.” எனக்கு ரத்தம் கொதித்தது. என் விசா நீட்டிப்பு மனு அவருடைய கையெழுத்துக்குக் காத்திருப்பதை மேலாளர் காதோடு நினைவூட்டினார். கொதித்த ரத்தம் சமர்த்தாக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. தப்பை ஒப்புக்கொண்டு, அதை அப்படியே வைத்துக்கொள்வதற்குப் பெயர் நேர்மையாம்!

இங்கே தேர்தல் நாளன்று ஜெர்ரியிடம் மட்டும் சொல்லிவிட்டேன். அவர் சொன்னதை நம்மூர்த் தமிழில் சொன்னால்: “எவனும் படிக்கலையேன்னு இருந்தேன். படிச்சுட்டுத்தான் நிறுத்தியிருக்கானுகளா? சரி வா, ஓட்டையாவது போட்டுட்டு வாரேன்.”

வாக்குச்சாவடிக்குள், கூடவே வந்த அவருடைய நாய்க்கு அனுமதி இல்லை. குடியுரிமை இல்லாத எனக்கும் அங்கே வேலை இல்லை. மதுரையில் அதே ஆண்டு கோடையில் நடந்த தேர்தலில் என் ஓட்டை யாரோ ஒரு புண்ணியவான் போட்டுவிட்டதாகத் தம்பி போனில் சொல்லியிருந்தான். ஜெர்ரி நாய்ச் சங்கிலியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நானும் நாயும் வாசலில் உட்கார்ந்து, மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.