ஏரிக்கரையில் ஒரு ஜோடி ஷூ

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏரிக்கரையில் நின்று என் நண்பனின் பெயரைச் சொல்லி அழைத்தேன். மைக் இல்லாமலேயே மைதானத்தின் கடைசி வரிசை வரை கேட்கும் குரல் என்னுடையது. மேடையில் என்னைக் கண்டவர்கள் இதைத் தற்பெருமை என்று சொல்ல மாட்டார்கள்.

அந்தக் குரலுக்குப் பதில் வரவில்லை.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். ஒரகடத்தில், கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பர்கள் நாங்கள் மூவர். கஜேந்திரன், வடக்குப்பட்டிலேயே பிறந்து வளர்ந்தவன். சுடலைமுத்து, வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்து படப்பையில் அறை எடுத்துத் தங்கியிருப்பவன். இரும்புத் தகடுகளை இடியோசையோடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் அவனுக்கு வேலை. மூன்றாமவன் நான். தரப் பரிசோதனைப் பிரிவு. வாரநாட்களில் குறை கண்டுபிடிப்பேன், வார இறுதிகளில் பட்டிமன்றம் பேசுவேன். இரண்டும் ஒன்றுதான் என்பது கஜேந்திரனின் கருத்து.

இந்தக் கோடையில் ஓர் இரவாவது கூடாரம் அடித்துத் தங்க வேண்டும் என்று கேன்டீனில் நான்தான் முன்மொழிந்தேன். ஓய்வு என்பது உழைப்பவனுக்குச் சலுகையா, உரிமையா என்று தொடங்கி, இரண்டாவது வாதத்துக்குள் நுழைவதற்குள் கஜேந்திரன் கையெடுத்துக் கும்பிட்டான். "தலீவா, போலாம்பா. நீ பேசாத, போலாம்."

சுடலைமுத்து மட்டும் தயங்கினான். ஒரு வாரம் முழுக்க நைட் ஷிப்ட். சனிக்கிழமை காலைதான் முடிகிறது. "எனக்குத் தூங்கணும் மக்கா" என்றான்.

"இயற்கையின் மடியில் தூங்கலாம், வா" என்றேன். சொன்னால் கேட்கிறவன்... வந்துவிட்டான்.

சனிக்கிழமை மாலை இனிதே கழிந்தது. பம்ப் ஸ்டவ்வில் சோறு, முட்டைப் பொரியல், தண்ணீரைத் தொட்டு வரும் காற்று. கோடையில் ஏரி வற்றிப் பாதியாகக் கிடந்தது. கஜேந்திரன் எதிர்க்கரையைக் காட்டி எச்சரித்தான். "அந்தாண்ட மட்டும் எறங்காதீங்கபா. பிளாட்டுக்கு மேடு பண்ண மண்ணு தோண்டிக்கினு பூட்டாங்க. ஆளு முழுவுற பள்ளம் கீது."

சாப்பிட்டதும் எங்களுக்குக் கண்ணைச் சுழற்றியது. சுடலைமுத்து வெளியிலேயே உட்கார்ந்துகொண்டான். "நீங்க படுங்க. எனக்கு இப்பத்தான் முழிப்பே வருது."

விடிந்து வெயில் ஏறியபின் கூடாரத்தை விட்டு வந்து பார்த்தால், அவனைக் காணோம். காலைக்கடனுக்குப் போயிருப்பான் என்று காத்திருந்தோம். வரவில்லை. தேடிக்கொண்டே எதிர்க்கரைக்குப் போனோம்.

நீரின் விளிம்பில், பள்ளம் இருக்கும் அதே பக்கத்தில், அவனுடைய சேஃப்டி ஷூ இரண்டும் இருந்தன. கம்பெனியில் எங்களைப் பழக்கியிருக்கிறபடி, நுனி பிசகாமல் நேராக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒரு ஷூவுக்குள் அடையாள அட்டை, கயிறு சுற்றப்பட்டு. எதிரே அசைவற்ற தண்ணீர்.

கஜேந்திரன் சட்டையைக் கழற்றினான், கரையில் கிடந்த ஒரு கழியை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினான். எனக்கு நீச்சல் தெரியாது. தெரிந்ததைச் செய்தேன்... கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே கூடாரம் வரை ஓடினேன், அங்கேயாவது திரும்பி வந்திருப்பானோ என்று.

அவன் வரவில்லை. அவன் பைக்குள் செல்போன் அடித்துக்கொண்டிருந்தது. திரையில் 'அக்கா'.

எடுப்பதா? எடுத்து என்ன சொல்வது? எடுக்காமல் விட்டால், அந்த அம்மாள் அங்கே என்னவென்று நினைப்பார்? எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் ஒரு மணி நேரம் பேசக்கூடியவன், ஒரு 'ஹலோ'வுக்குத் தடுமாறிக்கொண்டே எடுத்தேன்.

"ஏல, எங்க இருக்க? நேத்தே பேசுதேன்னு சொன்ன?"

"அக்கா, நான் அவனோட ஃப்ரெண்ட் பேசுறேன்."

"யாரு, பட்டிமன்றத்துல பேசுவீங்களே, அந்தத் தம்பியா? நல்லாருக்கீங்களா? அவன்ட்ட குடுங்க."

"தூங்குறான் அக்கா."

வேறென்ன சொல்வேன்?

"ஏரிக்கரைக்குப் போறோம்னுல்லா சொன்னான். வெட்டவெளியில, இம்புட்டு வெயில்லயா தூங்குதான்?"

"ஆமாக்கா."

"இருக்காதே. நைட் ஷிப்டு பாத்துப் பாத்து அவனுக்கு வெளிச்சமே ஆகாது தம்பி. லீவுக்கு இங்க வந்தாலும், நெல் மூட்டை அடுக்குத ரூம்புல போய்க் கதவச் சாத்திக்கிட்டுல்லா கெடப்பான். காதுலயும் என்னத்தையோ வச்சு அடைச்சிருவான், எத்தன சத்தம் போட்டாலும் கேக்காது. சரி, எந்திரிச்சதும் பேசச் சொல்லுங்க."

எப்படி எதிர்க்கரைக்கு ஓடினேன் என்று தெரியவில்லை. கஜேந்திரன் கழுத்தளவு நீரில் கழியால் துழாவிக்கொண்டிருந்தான்.

"கஜா, இந்த ஏரியில பகல்ல இருட்டா இருக்கிற இடம் எது?"

நான் உரையாற்றத் தொடங்கிவிட்டேன் என்றே நினைத்திருப்பான். அவன் முகம் அப்படி இருந்தது. "இன்னா கேள்விபா இது, இந்த நேரத்துல..." என்றவன், பாதியில் நிறுத்தினான்.

"மதகு."

பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகு. ஏரி வற்றிய கோடையில் அதன் சுரங்கம் காய்ந்து கிடக்கும், ஆள் குனிந்து நுழையலாம். கரை மேல் ஓடினோம். கஜேந்திரன் எனக்கு முன்னால், சேறு சொட்டச் சொட்ட.

உள்ளே இரண்டு வெறுங்கால்கள் தெரிந்தன. தொட்டேன். சூடாக இருந்தன. இன்னும் உள்ளே நகர்ந்து பார்த்தேன். இரு காதுகளிலும் பிரஸ் ஷாப்பில் கொடுக்கும் ஆரஞ்சு நிற அடைப்பான்கள். என் குரலை வென்றவை அவைதாம். உலுக்கியதும் அவற்றைப் பிடுங்கிக்கொண்டு திடுக்கென்று எழுந்தான்.

"கம்பெனி பஸ் வந்துட்டா?"

கஜேந்திரன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "வந்துச்சி. ஏறு." சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு இடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"ராத்திரி ஏரியச் சுத்தி நடந்துட்டு, அந்தப் பக்கம் கால் கழுவப் போனேன்ல. ஷூவெல்லாம் சேறு. காயட்டும்னு வச்சேன். வெயில் வந்துட்டு, எங்க போய்ப் படுக்க?" சுடலைமுத்துவின் விளக்கம் அவ்வளவுதான். எதற்காக நாங்கள் இப்படி நிற்கிறோம் என்பது அவனுக்குக் கடைசி வரை முழுதாகப் புரியவில்லை. புரிய வைக்க நாங்களும் முயலவில்லை. அக்காவிடம் அவனே பேசினான். "ஆமா, தூங்கிட்டுதான் இருந்தேன்" என்றான். நான் வாய்க்கு வந்ததைச் சொல்லி, அது உண்மையாகவும் அமைந்தது இதுவே முதல்முறை.

ஒரே கம்பெனி, ஒரே கேன்டீன், ஒரே கூடாரம். ஆனாலும் எங்கள் மூவருக்கும் ஒரே ஞாயிறு இல்லை. எங்களுக்கு விடிந்தபோதுதான் அவனுக்குப் பொழுது சாய்ந்தது. காணாமல் போனவனை, நம் காலையில் நாம் இருக்கக்கூடிய இடத்தில் தேடுகிறோம். அவனுடைய காலையில் அவன் எங்கே இருப்பான் என்று யோசிக்க, திருநெல்வேலியிலிருந்து ஒரு போன் வரவேண்டியிருக்கிறது.

கூடாரத்தைப் புளியமரத்து நிழலுக்கு நகர்த்தி, இருந்த போர்வைகளையெல்லாம் அதன் மேல் போர்த்தினோம். சுடலைமுத்து உள்ளே போய்ப் படுத்தான். சற்று நேரத்தில் குறட்டை எழுந்தது. சாதாரணக் குறட்டை அல்ல, பிரஸ் ஷாப் குறட்டை.

வெளியே நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். கஜேந்திரனின் கால்சட்டையில் சேறு காய்ந்து உதிர்ந்தது. நெடுநேரம் கழித்துக் கேட்டான்.

"இன்னா தலீவா, பேசவே மாட்ற?"

"கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றேன்.