கரகரப்பில் வந்த மழை

நேற்று எங்கள் வட்டார வானொலியைக் கைப்பேசிச் செயலியில் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே மின்னல் வெட்டியும் குரலில் ஒரு பிசிறு இல்லை. நிலையம் மத்திய அலையில் ஒலித்த காலத்தில், எங்கோ தொலைவில் மின்னினாலே எங்கள் வீட்டுப் பெட்டி கரகரக்கும்.

கரிசல் காட்டில் மழைக்கு முன்பே விதைத்தாக வேண்டும். நனைந்துவிட்டால் பல நாள் கால் வைக்க முடியாது. ரொம்பவும் முந்தினால் விதையை எறும்பு தின்றுவிடும். அந்தக் காலத்தில் ஒரு வருஷம், புரட்டாசியின் கடைசி வெள்ளி. தேதியைக் குறித்து வைக்காதது என் தவறு. வீட்டில் ஒரே விதைப்புக்குத்தான் உளுந்து இருந்தது.

வானொலி மழை இல்லை என்றது. அப்பாவின் தங்கை செல்லத்தாய் அத்தை விதைப்பெட்டியை எடுத்தாள்.

“ஏட்டி, ரேடியோவே மழை இல்லங்குது. எறும்புக்கா விதைக்கப் போற?” என்றார் அப்பா.

“செய்தி வாசிக்கிறவரை விடுண்ணே. அவரு பேச்சுக்கு ஊடே கரகரங்குதே, அதைக் கேளு.”

அப்பா முணுமுணுத்துக்கொண்டே ஏர் பூட்டினார். மறுநாள் மழை கொட்டியது. விதைக்காதவர்கள் சகதியைப் பார்த்து நிற்க, சில நாளில் எங்கள் காடு மட்டும் பச்சை பிடித்தது.

“ரேடியோ கேட்டு விதைச்சதுல்லா!” என்று அப்பா ஊரெல்லாம் பெருமையடித்தார்.

“ரேடியோ மழை இல்லைன்னுல்லா சொல்லிச்சு,” என்றாள் அத்தை. “பெய்யும்னு சொன்னது நானு!”