கூடையின் அடிக்குப் போன கை

மீன் ஏலம் விடும் தொழிலில் மீனின் செவுள் நிறமும் கண் தெளிவும் தெரிந்தால் போதும். அதன் ருசியை வைத்து யாரும் உங்களுக்குப் பரீட்சை நடத்த மாட்டார்கள்.

இருபத்தாறு வருடமாகப் பழவேற்காடு ஏரிக்கரையில், காலையில் படகுகள் வந்ததும் கூடைகளுக்கு நடுவே நின்று ஒரு தரம், ரெண்டு தரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "நெய் மாதிரி இருக்கும்" என்று ஆயிரம் தடவையாவது கூவியிருப்பேன். ஆனால் நான் மீன் சாப்பிடுகிறவன் இல்லை. விரதமும் கிடையாது, வேண்டுதலும் கிடையாது. நாக்கு ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான். முட்டை, கறி, பால் எதையுமே ஒத்துக்கொள்ளாது. தட்டில் வைத்ததை ஓரமாகத் தள்ளித் தள்ளியே வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு விளக்கிப் பயனில்லை. சோறு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல், சாயங்காலம் நாலு போண்டா, இவற்றால் கட்டிய உடம்பு என்னுடையது. வீட்டுக்கு வெளியே இந்த விஷயம் தெரியாது. கல்யாண வீடுகளில் வயிறு சரியில்லை என்பேன். இருபத்தாறு வருடமாக ஒருவனுக்கு வயிறு சரியில்லாமல் இருப்பதை யாரும் சந்தேகப்படவில்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஏலம் முடிந்த ஒவ்வொரு கூடையிலிருந்தும் ஏலம் விட்டவன் ஒரு கை மீன் எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் குழம்பு மீன் என்று பெயர். வாங்கியவர் கூடையிலிருந்து போவதால் எல்லாருடைய கண்ணும் அந்தக் கையின் மேல்தான் இருக்கும். எனக்கு முன்னால் இருந்தவர் மேலாக இருக்கும் நல்ல மீனாகப் பார்த்து எடுத்தார் என்றுதான் ஊர் அவரை மாற்றி என்னை வைத்தது. என் கை பார்க்காமலே கூடையின் அடிக்குப் போகும். காரப்பொடி மாதிரிப் பொடி மீன் வரும், நசுங்கிய கிழங்கான் வரும். வந்ததைக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுப்பேன். கை சுத்தமான ஆள் என்று ஊரில் எனக்குப் பெயர். தை மாதக் கடைசியில் ஊர் கூடி அடுத்த வருடத்துக்கு யார் ஏலம் விடுவது என்று பேசும்போதெல்லாம், அந்தக் கையை நினைத்துத்தான் என் பெயரைச் சொல்வார்கள்.

டாக்டருக்கு ஒரு சந்தேகம்

பொன்னேரி டாக்டர் என் ரத்தப் பரிசோதனைத் தாளை இரண்டு தரம் படித்தார். சர்க்கரை ஏறியிருக்கிறது, எடை குறைய வேண்டும் என்றார். சோற்றைப் பாதியாக்கு, வறுவலையும் போண்டாவையும் மறந்துவிடு, ஆனால் புரோட்டீன் மட்டும் குறையக் கூடாது. குறைந்தால் கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும், சதைதான் கரையும், அப்புறம் காலில் வலு இருக்காது என்று பொறுமையாக விளக்கினார். நிற்பதும் கத்துவதும்தான் என் தொழில் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

முட்டை சாப்பிடுவீர்களா என்றார். இல்லை என்றேன். கோழி? இல்லை. பால், தயிர்? மோராக இருந்தால், அதுவும் தண்ணீராக இருந்தால். பருப்பு? "ரசத்துல கரைஞ்சிருக்குமே, அது வரைக்கும்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, என்ன தொழில் செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். 

"தெனம் நூறு கூடை புரோட்டீன வித்துட்டு வந்து, புரோட்டீனுக்கு எங்க போறதுன்னு எங்கிட்ட கேக்கறீங்களா?"

மூன்றாவது தரம்

முதலில் முட்டையிலிருந்து தொடங்கினோம். மஞ்சள் கரு வேண்டாம், வெள்ளை மட்டும் போதும் என்று என் மனைவி செல்வி இரண்டு அவித்துக் கொடுத்தாள். வீட்டில் அந்த வாடையோடு உட்கார முடியாது என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தேன். ஏரிக் காற்றும் மீன் வாடையும் சேர்ந்தால் முட்டை வாடை அடங்கிவிடும் என்பது என் கணக்கு. ஏலம் நடக்கிற மும்முரத்தில், வாய் வேறு வேலையில் இருக்கும்போது, நாக்குக்குத் தெரியாமல் விழுங்கிவிடலாம் என்பது இன்னொரு கணக்கு.

ஒரு கூடை மடவை மீனுக்கு ஒரு தரம், ரெண்டு தரம் சொல்லிவிட்டு ஒரு துண்டை வாய்க்குள் தள்ளினேன். நாக்குக்குத் தெரிந்துவிட்டது. விழுங்கவும் முடியவில்லை, இத்தனை பேர் முன்னால் துப்பவும் முடியவில்லை. கூடையைக் கேட்டவர் ஜமால் பாய். டவுனிலிருந்து வந்து வாங்கிச் சென்னைக்கு அனுப்புகிறவர். வண்டி காத்திருக்கிறது. கூடையைப் பார்க்கிறார், என் உப்பிய கன்னத்தைப் பார்க்கிறார்.

"இன்னா அண்ணாத்தே, ரெண்டு தரம் வெளிய வந்துச்சி, மூணாந்தரம் உள்ளயே முட்டை போட்டு ஒக்காந்துக்கிச்சா?"

மீனுக்கு ரகசியம்

முட்டை தோற்ற பிறகு நானே ஒரு எளிய வழியைக் கண்டுபிடித்தேன். சாப்பிடாமல் இருப்பது. அரைத் தட்டு சோறு, ரசம், வெள்ளரிக்காய். இரண்டு மாதத்தில் கன்னம் ஒட்டி, சட்டை தோளில் தொளதொளத்தது. பார்த்தவர்கள் எல்லாம் இளமை திரும்பிவிட்டது என்றார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும், பத்தாவது கூடைக்கு மேல் முழங்கால் நடுங்குகிறது, குரல் முதல் வரிசையைத் தாண்டவில்லை. டாக்டர் எச்சரித்தது அப்படியே நடந்திருந்தது. வயிறு வயிறாகவே இருந்தது. காலும் தொண்டையும்தான் இளைத்துவிட்டன.

பின்வரிசையில் நிற்பது தலைச்சுமைப் பெண்கள். ஒருநாள் தனத்தின் காதில் விலை விழவில்லை. அவள் கேட்டிருக்க வேண்டிய கூடை ஜமால் பாய்க்குப் போய்விட்டது. தனம் பத்து வருடமாக என்னிடம் வாங்கி, பஸ்ஸில் திருப்பாலைவனம் கொண்டுபோய் விற்கிறவள். அவள் போட்ட சத்தம், என் குரல் போகாத இடத்துக்கெல்லாம் போனது. அன்றைக்கே கரையில் பேச்சு தொடங்கிவிட்டது. தை முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. செல்வியின் தம்பி ஏழுமலைக்கு நல்ல தொண்டை, அவன் பெயரைச் சொல்லலாம் என்றார்கள். ஏழுமலை சொந்தமாகப் படகு வைத்திருக்கிறவன். அவனே வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டு, அக்கறையாகத்தான் கேட்டான்.

"மாமா, நீ ஏலம் வுடுறியா, மீனுக்கு ரகசியம் சொல்றியா?"

ஒரு டப்பா மாவு

பொன்னேரியில் உடற்பயிற்சிக் கூடத்தின் கீழே ஒரு கடையில் புரோட்டீன் மாவு வாங்கினேன். டப்பாவின் மேல் ஒருவன் சட்டையில்லாமல் நின்றான். தண்ணீரில் கலக்கியதும் அது கரையாமல் சின்னச் சின்ன உருண்டையாக மிதந்தது. சாக்லேட் வாசனை அடித்தது, பல்லில் சுண்ணாம்பு போல ஒட்டியது. அதற்கு முன் பனீரை முயன்றிருந்தேன்; பள்ளிக்கூடத்து அழிரப்பர். சோயா உருண்டையையும் முயன்றிருந்தேன்; துவைத்துப் பிழியாத துணி. இவை இரண்டும் பிடித்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, கடைக்காரர் திறந்த மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார், இது ருசிக்குக் குடிக்கறது இல்ல, நோக்கத்துக்குக் குடிக்கறது."

ஐம்பத்து நாலாவது வயதில்

செல்வி கடைசியாகத்தான் மீனைக் கொண்டுவந்தாள். அதுவும் குழம்பு மீனிலிருந்து இல்லை. தம்பியின் படகிலிருந்து ஒரு கொடுவா மீனைக் கேட்டு வாங்கி வந்தாள். தோல் எடுத்து, முள் எடுத்து, எலுமிச்சையும் மிளகும் தடவி, தோசைக்கல்லில் எண்ணெய் காட்டியும் காட்டாமலும் வாட்டி, வெள்ளையாக நாலு துண்டு. தட்டை என் முன் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டாள். "முள்ளு இல்ல, தோலு இல்ல, வாட இல்ல. இத்த துன்னு. இல்லன்னா என் தம்பியே கூவட்டும்" என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டேன். வாந்திக்குத் தயாராக இருந்தேன். ஒன்றும் வரவில்லை. துண்டு பல்லில் பட்டுப் பிரிந்து, இதழ் இதழாகக் கழன்று போனது. இருபத்தாறு வருடமாக நான் கூவிக்கொண்டிருந்த பொய், உண்மையாக இருந்தது. நெய் மாதிரித்தான் இருந்தது. நாலு துண்டையும் தின்றுவிட்டு, கல்லில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

செல்வி சிரிக்கவில்லை. "இந்த வாய வெச்சிக்கினு இத்தினி நாளா இன்னாதான் பண்ணிக்கினு இருந்த?"

கை மேலே வந்தது

பிடித்தது கொடுவா ஒன்றுதான். மடவையில் மண் வாடை, கிழங்கானில் முள், சுறாவை நினைக்கவே வேண்டாம். தினமும் ஒரு கொடுவா, அரைத் தட்டு சோறு. மூன்று வாரத்தில் முழங்கால் நடுக்கம் நின்றது. ஐந்தாவது வாரம் என் குரல் பின்வரிசைக்குப் போய், அங்கிருந்து படகுகள் வரைக்கும் போனது. பேச்சு அடங்கிவிட்டது என்று நினைத்தேன்.

தினமும் மச்சினனிடம் கேட்க முடியுமா? நான் எதையும் திட்டமிடவில்லை. எந்தக் காலையில் அது தொடங்கியது என்று இன்று யோசித்தாலும் நினைவு வரவில்லை. கலப்பு மீன் கூடை வரும்போது என் கண் செவுளைப் பார்க்காமல், கொடுவா எங்கே கிடக்கிறது என்று பார்த்தது. கூடை முடிந்ததும் கை போனது. ஒரு கை மீன்தானே எடுக்கலாம், ஒரு கொடுவா ஒரு கைக்குள் அடங்குகிறதே என்று கை எனக்குச் சமாதானம் சொன்னது. அன்று அது தனத்தின் கூடை. அந்தக் கூடையில் அவளுக்கு லாபம் தேறுவதே அந்த ஒரு கொடுவாயால்தான். என் கையைப் பிடிக்கவில்லை அவள். மீனையும் பிடுங்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ரொம்ப மெதுவாகத்தான் கேட்டாள்.

"இன்னாண்ணே, இத்தினி வருஷமா அடிக்குப் போற கை, இப்ப மேலயே நின்னுடுதே?"

வாயும் கையும்

அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. மீனைத் திருப்பிக் கூடையில் வைத்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அது இல்லை விஷயம். கை சுத்தம் என்று ஊர் சொன்னதை நானும் நம்பியிருந்தேன். எனக்கு முன்னால் இருந்தவரைப் பற்றி மனதுக்குள் எத்தனை முறை தீர்ப்பு எழுதியிருப்பேன்! அவருக்கு மீன் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் அவ்வளவுதானா? ஆசை வந்த இரண்டாவது மாதமே என் கை அவருடைய கையாகிவிட்டது. பிடிக்காததைத் தொடாமல் இருந்ததற்கு இருபத்தாறு வருடம் மரியாதை வாங்கியிருக்கிறேன்.

தைக் கடைசியில் ஊர் கூடியபோது தனம் எதுவும் சொல்லவில்லை. நானே எழுந்து சொன்னேன். நான் மீன் தின்றவனில்லை, அதனால்தான் கை அடிக்குப் போனது. இப்போது டாக்டர் சொல்லித் தின்கிறேன், அதனால் மேலே வருகிறது. இனிமேல் குழம்பு மீனே எனக்கு வேண்டாம், வேறு ஆளை வைத்தாலும் சரி.  மீன் தின்னாத ஏலக்காரனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. யாரோ ஏழுமலையைப் பார்த்தார்கள். அவன் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை அவனுக்குத்தான். எழுந்தான், வேட்டியைத் தட்டினான்.

"மாமாவோட வாய்ல ஒண்ணும் கொறயில்ல, கைலதான் கொற. கைய கட்டிட்டு வாய வுட்டுடுங்க."

சாட்சி

அப்படித்தான் இந்த வருடமும் நானே நிற்கிறேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. மறுநாள் காலையே ஜமால் பாய் ஒரு நிபந்தனை போட்டார். "அண்ணாத்தே, இனிமே ருசியப் பத்தி வாயத் தொறக்காத. செவுள் செவப்பா கீதா, அத்த மட்டும் சொல்லு." எல்லா மீனுக்கும் அப்படியே செய்தேன். ஆனால் ஒரு கூடையில் பெரிய கொடுவா வந்தபோது, இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாகச் சொல்லத் தகுதி இருக்கிறதே என்ற நினைப்பில், "நெய் மாதிரி கீது, நானே துன்னு பாத்தேன்!" என்று கூவிவிட்டேன். ஊரில் எந்த மீனையுமே தின்னாதவன் இதைத் தின்கிறான் என்றால் சும்மாவா? விலை ஏறியது. அடுத்த நாளும் ஏறியது. அப்புறம் இறங்கவே இல்லை.

என் ஏலத்தில் நானே கேட்கக் கூடாது, அதுவும் வழக்கம். ஆகவே மத்தியானம் பஸ் ஏறித் திருப்பாலைவனம் போகிறேன். சாலையோரத்தில் தனம் கோணிப்பையை விரித்து உட்கார்ந்திருப்பாள். காலையில் நான் மூன்று தரம் சொல்லி அவளுக்கு விட்ட கொடுவா, என்னைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். முதல் நாள், தெரிந்தவள்தானே என்று கொஞ்சம் குறைத்துக் கேட்டுப் பார்த்தேன். மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிக் காட்டினாள்.

"இன்னா பேரம் பேசுற? வெலைய ஏத்திவுட்டதே நீதானண்ணே!"

சோற்றைக் குறைத்துப் புரதத்தைக் கூட்ட நினைக்கும் நண்பர்களே, பிடித்த ஒன்றைத் தேடிக் கண்டுபிடியுங்கள், ஆனால் அது எவ்வளவு ருசி என்பதை மட்டும் தொழில் செய்கிற இடத்தில் உரக்கச் சொல்லிவிடாதீர்கள்.